ஆராய்ந்து சொல்வோர் அவை

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை வகுப்பில் நடத்தி முடித்த ஒரு பிற்பகலில், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "ஐயா, ஐம்பெருங்குழு, எண்பேராயம் என்றெல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்களே, பாண்டியன் அவர்களில் ஒருவரைக் கூடவா கேட்கவில்லை?"

அன்று நாம் ஏதோ மறுமொழி சொல்லிச் சமாளித்தோம். அது நமக்கே நிறைவளிக்கவில்லை. அமைச்சரும் கரணத்தியலவரும் சூழ இருந்த அரசன், ஓர் உயிரைப் பற்றிய முடிவுக்கு ஒரே ஒருவனின் சொல்லைத்தான் கேட்டான். அவனோ அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன். ஆனால் அரசனின் பிழையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. சிலம்பைப் பற்றி அந்நகரில் மிகுதியும் அறிந்தவன் பொற்கொல்லன்தானே? சிலம்பு பற்றிய ஐயத்தை அவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

இந்தக் கேள்வி பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. நாம் உண்ணும் பண்டத்தில், உடுத்தும் துணியில், குழந்தை வாயில் வைக்கும் பொம்மையில் சேர்க்கப்படும் வேதிப்பொருள் தீங்கானதா என்பதை எந்த அமைச்சரும் தாமாக அறிய இயலாது. அறிந்தவரைத்தான் கேட்க வேண்டும். அறிந்தவர்களில் பலர் அப்பொருளை ஆக்கி விற்போரிடம் ஊதியம் பெறுபவர்கள். அரசு யாரைக் கேட்பது, என்ன கேட்பது, விடை வரும்வரை எவ்வளவு காலம் காத்திருப்பது? இந்த மூன்று கேள்விகளையும் நூறாண்டுகளுக்கு மேலாக வெளிப்படையாகப் போராடிப் பார்த்த நாடு அமெரிக்கா. அதன் வல்லுநர் குழுக்களின் வரலாற்றிலிருந்து சில பக்கங்களை இங்கே பார்ப்போம்.

வைலியின் மேசையும் ரெம்சன் குழுவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களுக்கு உணவு தொலைவிலிருந்து வரத் தொடங்கியது. குளிர்பதனம் பரவாத காலம். பால் கெடாதிருக்க ஃபார்மால்டிஹைடு, இறைச்சி கெடாதிருக்க வெண்காரம், தக்காளிச் சாறு புளிக்காதிருக்க சோடியம் பென்சோயேட் என்று வணிகர்கள் தம் விருப்பம்போல் சேர்த்தனர். எவ்வளவு சேர்த்தோம் என்று சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலராக இருந்த ஹார்வி வைலி 1902இல் காங்கிரசிடமிருந்து 5,000 டாலர் நிதி பெற்று ஒரு சோதனையைத் தொடங்கினார். பன்னிரண்டு இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். தம் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் உணவுக்கூடம் அமைத்து, மூன்று வேளையும் நல்ல உணவு கொடுத்து, அதனோடு அளந்த மருந்தையும் வைலி கொடுத்தார். முதலில் வெண்காரம். அதை வெண்ணெயில் கலந்தபோது, எதில் இருக்கிறதென்று ஊகித்த இளைஞர்கள் வெண்ணெயைத் தொடாமல் விட்டனர். பிறகு குளிகையாகவே விழுங்கச் செய்தார். பத்திரிகைகள் இவர்களுக்கு 'நச்சுப் படை' என்று பெயர் சூட்டின. நாடு முழுவதும் இச்செய்தி பரவியது. 1906 ஜூன் 30 அன்று தூய உணவு, மருந்துச் சட்டம் கையெழுத்தானதில் இந்த மேசைக்கும் பெரும் பங்குண்டு.

வைலியின் நேர்மையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவரது சோதனை முறையில் குறை இருந்தது. மருந்து உண்டவர்களோடு ஒப்பிட, மருந்து உண்ணாத மற்றொரு குழு இல்லை. உண்பது நஞ்சு என்று அறிந்தே உண்டவனுக்கு வயிற்று வலி வந்தால், அது மருந்தாலா அச்சத்தாலா என்று பிரித்தறிய வழியில்லை. பென்சோயேட்டைத் தடை செய்யவேண்டும் என்று அவர் சொன்னபோது, தக்காளிச் சாறு தயாரிப்போர் அரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டை அணுகினர். 1908 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் நடந்த சந்திப்பில் பேச்சு சாக்கரின் பக்கம் திரும்பியது. சாக்கரின் உடலுக்குக் கேடு என்று வைலி இடைமறித்துச் சொல்ல, தம் மருத்துவர் நாள்தோறும் தமக்கு அதையே தருவதாக ரூஸ்வெல்ட் சினந்தார் என்று வைலி பின்னாளில் தம் நினைவுகளில் எழுதினார். அந்த ஆண்டிலேயே, வைலியின் முடிவுகளைச் சீர்தூக்க ஐந்து அறிவியலறிஞர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. தலைவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த ஐரா ரெம்சன்.

ரெம்சனின் பெயரைக் கேட்டதும் பலர் முகம் சுளித்தனர். 1879இல் சாக்கரின் கண்டறியப்பட்டதே அவருடைய ஆய்வகத்தில்தான். கண்டவர் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க். அவர் தம் பெயரில் காப்புரிமை பெற்றுப் பொருளீட்டினார். ரெம்சனுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை, மனக்கசப்பே வந்தது. இருந்தும், சாக்கரினைப் பற்றித் தீர்ப்புரைக்க சாக்கரின் பிறந்த வீட்டுக்காரரையா அமர்த்துவது என்ற பேச்சு எழாமல் இருக்குமா? குழுவைக் கேட்டவர்கள் வணிகர்கள் என்பது அந்த ஐயத்தை இரட்டிப்பாக்கியது.

ஆனால் குழு செய்த வேலை வேறொரு கதை சொல்கிறது. பென்சோயேட் ஆய்வை மூன்று அறிஞர்கள் நியூ ஹேவன், நியூயார்க், சிகாகோ ஆகிய மூன்று ஊர்களில் தனித்தனியே நடத்தினர். சிறிய அளவு, பெரிய அளவு என்று படிநிலை வைத்துக் கொடுத்தனர். 1909 ஜனவரியில் வெளிவந்த அறிக்கை, சிறிய அளவில் பென்சோயேட் தீங்கற்றது என்றது. பொட்டலத்தின் மேல் அளவைக் குறிப்பிட்டு அதைப் பயன்படுத்தலாம் என்று அரசு இசைந்தது. இன்றும் அமெரிக்க விதிகள் உணவில் 0.1 விழுக்காடு வரை பென்சோயேட்டை அனுமதிக்கின்றன. அடுத்து சாக்கரின். ரெம்சன் குழு அதற்குச் சாதகமாகவே சொல்லும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். நாளொன்றுக்கு 0.3 கிராமுக்கு மேல் உண்டால் செரிமானக் கோளாறு வரக்கூடும், சர்க்கரைக்கு மாற்றாக இதைச் சேர்ப்பது உணவின் தரத்தைக் குறைக்கும் என்று குழு எழுதியது. 1912இல் பொதுவான உணவுகளில் சாக்கரின் விலக்கப்பட்டது. முதல் உலகப் போரில் சர்க்கரைத் தட்டுப்பாடு வந்ததும் அது மீண்டும் புழக்கத்துக்கு வந்தது வேறு கதை.

வைலி 1912 மார்ச்சில் பதவி விலகினார். நல்லவர் தோற்றார், வணிகர் வென்றனர் என்று இதை எழுதுவோர் உண்டு. நமக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. ரெம்சன் குழுவின் முறை வைலியின் முறையைவிடச் செம்மையானது. பென்சோயேட் பற்றிய அதன் தீர்ப்பு நூறாண்டு கடந்தும் நிற்கிறது. ஆயினும் அது பிறந்த விதத்தால், அது சொன்ன உண்மையையும் மக்கள் நம்பத் தயங்கினர். குழு அமையும் விதமே அதன் சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பை முடிவு செய்துவிடுகிறது என்பதை இந்த முதல் கதை காட்டுகிறது.

எட்டு மாதமும் எழுபது ஆண்டும்

இரண்டாவது கதை துயரமானது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில், பெட்ரோலில் சிறிதளவு டெட்ரா எத்தில் ஈயம் கலந்தால் இயந்திரத்தின் தட்டொலி அடங்குவதைக் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேவே ஆலையில், ஈயக் கலவை தயாரித்த தொழிலாளர் பலர் சித்தம் கலங்கி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஐவர் மாண்டனர்.

நாடு பதறியது. 1925 மே 20 அன்று தலைமைப் பொது மருத்துவ அதிகாரி ஹியூ கம்மிங் ஒரு மாநாட்டைக் கூட்டினார். இது கடவுள் தந்த கொடை என்று தொழில்துறைப் பேராளர் ஒருவர் பேசினார். தொழில்சார் நோய்களை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டனும், ஏல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும் எதிர்த்துப் பேசினர். ஆலையில் நேரும் சாவைவிடத் தெருவில் படியும் ஈயமே பெரிய ஆபத்து, அது மெல்ல மெல்ல வரும், நாம் விழிக்கும்போது பொருள் எங்கும் பரவியிருக்கும் என்பது அவர்களது வாதத்தின் சாரம்.

எழுவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் விடை தேவை. குழு ஓகையோ மாநிலத்தில் 252 பேரை ஆய்ந்தது. வண்டி ஓட்டுநரும் பணிமனைத் தொழிலாளரும் அவர்களில் அடங்குவர். 1926 ஜனவரியில் வந்த அறிக்கை, ஈயப் பெட்ரோலைத் தடைசெய்ய இப்போதைக்குப் போதிய காரணம் இல்லை என்றது. அத்தோடு அது நிறுத்தவில்லை. நமக்குக் கிடைத்த காலம் மிகக் குறுகியது, பயன்பாடு பெருகினால் நாட்பட்ட தீங்குகள் பிற்காலத்தில் தோன்றக்கூடும், ஆகவே அரசே நிதி ஒதுக்கித் தொடர்ந்து ஆராயவேண்டும் என்றும் எழுதியது.

அறிக்கையின் முதல் பகுதியை எல்லோரும் படித்தனர். இரண்டாம் பகுதி கிடப்பில் போனது. தொடர் ஆய்வுக்கு அரசு நிதி ஒதுக்கவில்லை. ஈய ஆய்வு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ராபர்ட் கீஹோ என்ற ஒரே மருத்துவரைச் சுற்றி நின்றது. அவர் ஈயக் கலவையை விற்ற எத்தில் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர். அவரது ஆய்வகத்துக்கு நிதி தந்தது தொழில்துறை. மனித உடலில் ஈயம் இருப்பது இயற்கை, ஓர் எல்லைக்குக் கீழே அது தீங்கற்றது என்று அவர் சொல்லிவந்தார். எதிர்த்துச் சொல்ல வேறொருவரிடம் தரவே இல்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் ஒரு புவி வேதியியலர். பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பாட்டர்சன், தம் ஆய்வகத்தில் எதைத் தொட்டாலும் ஈயம் ஒட்டியிருப்பதைக் கண்டு துணுக்குற்றார். உடலில் உள்ள ஈயம் வழக்கமானதாக இருக்கலாம், ஆனால் இயற்கையானது அன்று என்று 1965இல் எழுதினார். 1971இல் காற்றில் கலந்த ஈயத்தைப் பற்றி அறிக்கை தரத் தேசிய அறிவியல் கழகத்தின் சார்பில் ஒரு குழு அமைந்தபோது, அதை மிகுதியும் அறிந்த பாட்டர்சனுக்கு அதில் இடமில்லை. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன், பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றில் ஈயம் மிகுந்திருந்த குழந்தைகள் அறிவுத் திறனிலும் கவனத்திலும் பின்தங்கியிருப்பதைக் காட்டினார். அமெரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் முற்றாக ஒழிந்தது 1996இல். நம் நாட்டில் 2000இல். உலகின் கடைசி விற்பனை அல்ஜீரியாவில் 2021இல் நின்றது.

எட்டு மாதத்தில் கேட்டு வாங்கிய விடைக்கு எழுபது ஆண்டு விலை கொடுக்க நேர்ந்தது. அக்குழுவில் பொய்யர் எவருமில்லை. தாம் அறியாதது எது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. 'இப்போதைக்கு' என்று அவர்கள் எழுதிய சொல்லை அரசும் வணிகமும் 'எப்போதைக்கும்' என்று படித்துக்கொண்டன.

இரவு உடை

குழந்தைகளின் இரவு உடை தீப்பற்றக் கூடாது என்று 1971இல் அமெரிக்க அரசு ஒரு தரவிதி வகுத்தது. அடுப்பிலும் தீக்குச்சியிலும் துணி பற்றிக் குழந்தைகள் இறந்ததால் வந்த நல்ல நோக்கமுள்ள விதி. துணி ஆலைகள் அதற்கு இணங்க, பாலியெஸ்டர் துணியில் 'டிரிஸ்' என்ற புரோமின் சேர்மத்தைத் தோய்த்தன. கோடிக்கணக்கான குழந்தைகள் ஒவ்வோர் இரவும் அதை உடுத்து உறங்கினர். உடையின் முனையை வாயிலிட்டுச் சப்பினர்.

பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ், பாக்டீரியங்களைக் கொண்டு மரபணு மாற்றத்தை விரைவில் கண்டறியும் ஒரு சோதனையை உருவாக்கியிருந்தார். அவரும் ஆர்லின் புளமும் 1977 ஜனவரியில், டிரிஸ் மரபணுவை மாற்றவல்லது, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினர். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் எலிச் சோதனைகளும் அதையே காட்டின. 1973 முதல் இயங்கிவந்த நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1977 ஏப்ரலில் டிரிஸ் தோய்த்த உடைகளை விலக்கியது. மூன்றே மாதம்! அவ்வுடை அணிந்த குழந்தைகளின் சிறுநீரில் டிரிசின் சிதைபொருள் இருப்பதை அடுத்த ஆண்டு ஏம்ஸ் குழுவினர் காட்டியபோது, அவசரம் வீண்போகவில்லை என்பது தெளிந்தது.

ஆனால் புரோமின் டிரிசின் இடத்துக்கு குளோரின் டிரிஸ் வந்தது. அதுவும் மரபணுவை மாற்றுவது தெரிந்ததும் குழந்தை உடையிலிருந்து தயாரிப்பாளர்களே விலக்கிக்கொண்டனர். பிறகு அதே பொருள் சோபா மெத்தைகளின் நுரைப்பஞ்சில் பல்லாண்டு வாழ்ந்தது. 2011இல் கலிபோர்னியா அதைப் புற்றுநோய்ப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு பெயரைத் தடைசெய்தால் அதன் பங்காளி வந்து அமர்கிறான். பின்வரும் கதைக்கும் இது தேவைப்படும்.

சட்டம் வகுத்த குழு

ஆணையத்தின் வேகம் பலருக்குக் கசந்தது. 1981 ஆகஸ்டில், ரேகன் ஆட்சியின் முதலாண்டில், காங்கிரஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. புற்றுநோய், மரபணு மாற்றம், பிறவிக் குறை ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒரு பொருள்மீது விதி செய்ய விரும்பினால், ஆணையம் முதலில் 'நாட்பட்ட தீங்கு ஆலோசனைக் குழு' ஒன்றைக் கூட்டவேண்டும். உறுப்பினர் எழுவர். தேசிய அறிவியல் கழகத்தின் தலைவர் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்தே அவர்களைத் தெரிவு செய்யவேண்டும். எந்தத் தயாரிப்பாளரிடமும் ஊதியமோ, கணிசமான பொருள் தொடர்போ உள்ளவர் அமரக்கூடாது.

இத்திருத்தத்தை இருவிதமாகப் படிக்கலாம். ஆணையத்தின் காலில் பூட்டிய தளை என்றனர் நுகர்வோர் இயக்கத்தினர். ஒரு படி கூடுமானால் ஓராண்டு தாமதம் கூடும். மறுபுறம், பெயர்களைச் சொல்பவர் ஒருவர், தெரிவு செய்பவர் மற்றொருவர், பொற்கொல்லனுக்கு அவையில் இடமில்லை என்ற மூன்று ஏற்பாடுகளும் ரெம்சன் குழுவின் பழைய பழிக்கு மருந்தாக அமைந்தன. நமக்கு இரண்டு வாசிப்பும் சரியென்றே படுகிறது.

நல்ல ஆய்வு இன்றிச் செய்த விதி நீதிமன்றத்தில் நிற்பதும் அரிது. வீட்டுச் சுவர்களுக்குள் வெப்பம் காக்க ஊற்றிய யூரியா ஃபார்மால்டிஹைடு நுரையை ஆணையம் 1982இல் தடை செய்தது. கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல் என்று வீட்டுக்காரர்கள் முறையிட்டிருந்தனர். எலிகளுக்கு மூக்கில் புற்று வந்திருந்தது. மறு ஆண்டு ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. புற்றுநோய்க் கணக்கு முழுவதும் ஒரே ஓர் எலிச் சோதனையில் நிற்கிறது, அது போதிய சான்று ஆகாது என்றது நீதிமன்றம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று 2004இல் முடிவு செய்தது. நீதிமன்றம் சான்றைக் கேட்டதில் தவறில்லை. சான்று முழுமையாக வந்து சேர இருபத்தோர் ஆண்டுகள் ஆயின என்பதே வரலாறு.

கிலுகிலுப்பை

பி.வி.சி. பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. அதை மென்மையாக்க எண்ணெய் போன்ற தாலேட்டுகளைச் சேர்ப்பர். மென்மையான பொம்மை பலவற்றில் எடையில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டி இவையே இருந்தன. பிளாஸ்டிக்கோடு இவை வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. வாயில் வைத்துச் சப்பினால் உமிழ்நீரில் கசியும்.

முதலில் ஐயத்துக்குள்ளானது டி.இ.எச்.பி. என்னும் தாலேட்டு. 1985இல் ஆலோசனைக் குழு ஒன்று அதை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு தயாரிப்பாளர்கள் சூப்பானிலும் பல் முளைக்கும் குழந்தை கடிக்கும் வளையத்திலும் அதன் அளவைக் குறைக்கத் தாமாக இசைந்தனர். அதன் இடத்துக்கு டி.ஐ.என்.பி. வந்தது. மறுபடியும் பங்காளி.

1998இல் டி.ஐ.என்.பி.மீதும் முறையீடு எழுந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளில் பி.வி.சி.யையே விலக்கவேண்டும் என்று சில அமைப்புகள் ஆணையத்திடம் மனு அளித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1999 டிசம்பரில் ஒரு தற்காலிகத் தடை விதித்து, அதைப் பலமுறை நீட்டித்து, 2005இல் நிலையான தடையாக்கியது. அமெரிக்க ஆணையம் தன் வழக்கப்படி குழுவைக் கூட்டியது. 2001 ஜூனில் வந்த அறிக்கை, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆபத்து மிகக் குறைவு அல்லது இல்லை என்றது. நாள்தோறும் 75 நிமிடத்துக்கு மேல் இத்தகைய பொம்மையைச் சப்பும் சிறு குழந்தைக்கு மட்டும் ஆபத்து இருக்கலாம் என்றது.

அப்படிச் சப்பும் குழந்தை உண்டா? இதை அறிய ஆணையம் செய்த ஆய்வு நம்மை வியக்க வைக்கிறது. பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் கையில் கடிகாரத்தோடு மூன்று வயதுக்குட்பட்ட 169 குழந்தைகளின் அருகே அமர்ந்து, எந்தப் பொருள் எத்தனை நொடி வாயில் இருக்கிறதென்று குறித்தனர். வேறொரு சோதனையில் பெரியவர்கள் சிலர் பிளாஸ்டிக் வில்லையை வாயிலிட்டு மென்று, தம் உமிழ்நீரை அளக்கக் கொடுத்தனர். மென்மையான பிளாஸ்டிக் பொம்மை குழந்தையின் வாயில் இருப்பது நாளொன்றுக்குச் சராசரியாக ஓரிரு நிமிடங்களே என்று தெரியவந்தது. விரலும் சூப்பானும்தான் மிகுதி. 2003 பிப்ரவரியில் ஆணையம் மனுவைத் தள்ளியது.

கேட்ட கேள்விக்கு இது சரியான விடை என்பதில் ஐயமில்லை. ஒரு தாலேட்டு, ஒரு வகைப் பொம்மை, அதனால் மட்டும் வரும் தீங்கு என்பதே கேள்வி. ஆனால் குழந்தையின் உடலுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. சோறும் காற்றும் தூசும் பூசும் எண்ணெயும் தத்தம் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பல தாலேட்டுகள் ஒரே வழியில், கருவிலுள்ள ஆண் குட்டியின் வளர்ச்சிக்குத் தேவையான சுரப்பைக் குறைக்கின்றன என்று எலி ஆய்வுகள் காட்டின. தனித்தனியே அடங்கிய அளவுகள் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்?

2007இல் ஈயம் பூசிய பொம்மைகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டு நாடே கொதித்திருந்தது. 2008 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம், டி.இ.எச்.பி. உள்ளிட்ட மூன்று தாலேட்டுகளைக் குழந்தைப் பொருள்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாதென்று நிலையாகத் தடுத்தது, டி.ஐ.என்.பி. உள்ளிட்ட வேறு மூன்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இறுதி முடிவைச் சொல்லப் புதிய ஆலோசனைக் குழு வேண்டும் என்றது. அக்குழுவுக்குச் சட்டமே கேள்வியை எழுதித் தந்தது: எல்லாத் தாலேட்டுகளையும், பொம்மையிலிருந்து மட்டுமன்றிப் பிற வழிகளிலும் வருவனவற்றையும் சேர்த்து எண்ணுக.

குழு 2010 ஏப்ரலில் கூடி, 2014 ஜூலையில் அறிக்கை தந்தது. சேர்த்து எண்ணியபோது, கருவுற்ற பெண்களில் பத்து விழுக்காடு வரை பாதுகாப்பான எல்லையைத் தாண்டியிருக்கலாம் என்று தெரிந்தது. 2001இல் பெரும்பாலோருக்கு ஆபத்தற்றதாகத் தோன்றிய டி.ஐ.என்.பி.யை நிலையாகத் தடுக்கவேண்டும் என்றது குழு. மேலும் நான்கு தாலேட்டுகளைச் சேர்க்கச் சொன்னது. அதே அறிக்கை, இடைக்காலத் தடையிலிருந்த வேறு இரண்டு தாலேட்டுகள் அந்த வழியில் தீங்கு செய்வதில்லை, அவற்றை விடுவிக்கலாம் என்றும் சொன்னது. தடை கேட்டவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் ஒருசேர மனக்குறை தந்த அறிக்கை அது. அதனாலேயே நமக்கு அதன்மேல் மதிப்பு கூடுகிறது.

2017 அக்டோபரில் ஆணையம் மூவருக்கு இருவர் என்ற வாக்கில் அதை ஏற்றது. 2018 ஏப்ரல் முதல் எட்டுத் தாலேட்டுகள் குழந்தைப் பொம்மைகளிலும் குழந்தை வளர்ப்புப் பொருள்களிலும் தடைக்குள்ளாயின. 2021இல், 1983இல் ஃபார்மால்டிஹைடு தடையை நீக்கிய அதே ஐந்தாம் சுற்று நீதிமன்றம், விதி செய்த நடைமுறையில் குறை உண்டென்று ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. ஆனால் இம்முறை விதியை நீக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பெரும்பாலோருக்குத் தாலேட்டு மிகுதியாக வருவது உணவின் வழியே என்பதும் அதே குழுவின் முடிவு. உணவுப் பொட்டலமோ இந்த ஆணையத்தின் கையில் இல்லை. அது உணவு, மருந்து நிர்வாகத்தின் எல்லை. அங்கே தாலேட்டுகளை விலக்கக் கோரிய மனு 2022இல் மறுக்கப்பட்டது. தொழில்துறையே கைவிட்டிருந்த சிலவற்றுக்கான அனுமதி மட்டும் நீக்கப்பட்டது. குழு கண்ட உண்மை, அதைக் கூட்டிய அலுவலகத்தின் வேலிவரைதான் நடந்தது.

*

நம் நாட்டிலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமாகியிருக்கிறது; அதற்குரிய தரவிதிகளில் தாலேட்டுகளுக்கென ஒரு பகுதியும் உண்டு. திருவிழாக் கடையில் பேரக் குழந்தைக்குக் கிலுகிலுப்பை வாங்கும் பாட்டிக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் சார்பில் யாரோ எங்கோ கையில் கடிகாரத்தோடு அமர்ந்து எண்ணியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் அவர் காசு கொடுக்கிறார்.

இந்த நான்கைந்து கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், குழு வைத்தாலே நீதி வந்துவிடும் என்றோ, குழு என்பதே காலம் கடத்தும் தந்திரம் என்றோ நம்மால் சொல்ல முடியவில்லை. ரெம்சன் குழு ஐயத்தில் பிறந்து உண்மையைச் சொன்னது. 1925இன் குழு நேர்மையாகத் தன் அறியாமையை எழுதியும் அது படிக்கப்படவில்லை. தாலேட்டுக் குழுக்கள் இரண்டும் திறமானவை. கேள்வி மாறியதால் விடை மாறியது. அறிந்தவரை அழைப்பதோடு அரசின் கடமை முடிவதில்லை. சரியான கேள்வியைக் கொடுக்கவேண்டும். அறிக்கையின் கடைசிப் பக்கம் வரை படிக்கவேண்டும். 'இப்போதைக்கு' என்று எழுதியிருந்தால் மீண்டும் வந்து கேட்கவேண்டும்.

அந்த மாணவர் படிப்பு முடித்துச் சென்று சில ஆண்டுகள் ஆகின்றன. கொலைக்களக் காதையை நாம் ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறோம். இப்போது யாரும் அக்கேள்வியைக் கேட்காவிட்டால், நாமே அதை எழுப்பிவிடுகிறோம். பொற்கொல்லனைக் கேட்டது பிழையா என்று சில மாணவர் வாதாடுவர். கேட்கலாம், அவன் சிலம்பறிந்தவன். ஆனால் சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கும் வேலையைக் கோவலன் இறந்த பிறகு கண்ணகியிடம் விட்டிருக்கக் கூடாது என்று ஒரு மாணவி சென்ற ஆண்டு சொன்னார். நாம் அன்று சொல்லத் தவறிய மறுமொழி அதுதான் என்று எண்ணுகிறோம்.